டயாலிசிஸ் நாட்களில் விசுவாசம்: யூனிட்டிலும் வீட்டிலும் கற்றுக்கொண்டவை

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வருடத்துக்கு 156 தடவை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் கடைசிவரை. முதல் மாதம் சபையே திரண்டு வந்து ஜெபிக்கும். எட்டாம் மாதம் வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இருக்காது. ஆள் தளர்ந்துபோவது அப்போதுதான். சபையிலிருந்து நோயாளிகளைப் பார்க்கப் போகிற எங்களுக்குப் பழகிப் பழகித் தெரிந்ததை எழுதுகிறோம்.

முதலில் கிரியாட்டினின் விஷயம். சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு அது. பலர் சறுக்குவது இங்கேதான். டயாலிசிஸ் முடிந்த கையோடு ரத்தம் எடுத்துப் பார்த்தால், 9 இருந்தது 3, 4 என்று வந்திருக்கும். மிஷின் வடிகட்டியதால் வந்த இறக்கம் அது. அடுத்த டயாலிசிஸ் வருவதற்குள் மறுபடி ஏறிவிடும். இது தெரியாமல், "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், இனி மிஷின் எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், அடுத்த முறை போகாமல் விட்டுவிடுகிறார்கள். நுரையீரலில் நீர் கோர்க்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். நடுராத்திரி மூச்சு முட்டி அவசர சிகிச்சைக்கு ஓடிப் பிழைத்து வந்தாலும், அப்படிச் சொன்னவரை நோயாளி குறை சொல்வதில்லை. "எனக்குத்தான் விசுவாசம் பத்தலை" என்று தன்னையே நொந்துகொள்கிறார். நோயைவிட இந்த நினைப்புதான் ஆளைத் தின்கிறது.

இதற்கு நாங்கள் எடுத்துக் காட்டுவது வேதாகமத்தில் வியாதியாய்ச் சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவை. 15 வருஷம் ஆயுசைக் கூட்டித் தருகிறேன் என்று தேவன் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லித்தான் பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் இருந்தது, மருந்தும் இருந்தது. டயாலிசிஸைக் குறைப்பதோ நிறுத்துவதோ சிறுநீரக மருத்துவர் சொல்லி நடக்கவேண்டியது. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையை லேப் ரிப்போர்ட் மாதிரி வாசிக்கக் கூடாது.

யூனிட்டில் அந்த நான்கு மணி நேரம் எப்படிப் போகும்? ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தநாளங்களை இணைத்த இடம்) உள்ள கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரு கையால் கனமான வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்ட முடியாது. அதனால் அன்றைக்குரிய ஒரே ஒரு சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். கண் மங்கினவர்களுக்கு ஒலி வேதாகமமும் இயர்போனும் போதும். வாசிப்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். நேரம் போகப் போக ரத்த அழுத்தம் இறங்கலாம், கெண்டைக்கால் பிடித்து இழுக்கலாம். அப்போது எதுவும் மனதில் ஏறாது. அந்த நேரத்துக்கு "இயேசுவே, இரங்கும்" என்கிற அளவு ஜெபம் போதும்.

தாகம் இன்னொரு பெரிய போராட்டம். சிறுநீர் குறைந்துபோனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் அனுமதிப்பார்கள். குழம்பு, காபி, மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, எதைக் குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிட்டால் கணக்குத் தப்பாது. "என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்று 22ஆம் சங்கீதத்தில் வருகிறதே, அதற்கு இவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சிலுவையில் இயேசு "தாகமாயிருக்கிறேன்" என்றதும் அப்படித்தான். லெந்து என்கிற தவக்கால நாட்களில் உபவாசம் இருக்கவில்லையே என்று இவர்கள் வருந்துவதைப் பார்க்கிறோம். வருஷம் முழுக்க உபவாசம் இருப்பவர்கள் இவர்கள்! சாப்பாட்டையும் மாத்திரையையும் தள்ளிப்போட்டு உபவாச ஜெபத்தில் இவர்களை உட்கார வைக்கக் கூடாது, சர்க்கரையும் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. இவர்களுக்காக மற்றவர்கள் உபவாசிக்கட்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகாதீர்கள், எல்லாமே பொட்டாசியம். அந்தப் பணத்தை ஆட்டோ செலவுக்கு வீட்டுக்காரம்மா கையில் கொடுங்கள். காப்பீட்டில் சிகிச்சை நடந்தாலும் போக்குவரத்துச் செலவுக்கு வழி இருக்காது. ஜெபிக்கும்போது ஃபிஸ்டுலா கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் போட்டிருந்தால் எண்ணெய் பூசுவது நெற்றியோடு நிற்கட்டும். குழாய்ப் பக்கம் ஈரம் பட்டால் கிருமித் தொற்று வரும். டயாலிசிஸ் அன்று சாயங்காலம் போகவே வேண்டாம், ஆள் துவண்டு கிடப்பார். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், பதினைந்து நிமிடம், எழுந்துவிடுங்கள். காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். பேசினார்கள்; "காரியத்துக்குதவாத வைத்தியர்கள்" என்று பேர் வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஏன் வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு நீண்ட இடைவெளி சனியும் ஞாயிறும். ஞாயிறு காலை கால் வீங்கி, மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும். கதவோரத்தில், மின்விசிறிக்குக் கீழே அவருக்கென்று ஒரு நாற்காலி போடுங்கள். பாட்டுக்கு எழுந்து நிற்கவில்லை என்று யாரும் பார்க்கக் கூடாது. அதுவும் முடியாத வாரங்களில் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கலாம். அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் தண்ணீர்க் கணக்கும் ஏறாது.

இரவுதான் கொடுமை. உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கம் வராது. அந்த நேரத்துக்கு வெற்றிப் பாட்டுகள் ஒத்துவருவதில்லை. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்கிற 77ஆம் சங்கீதம் ஒத்துவருகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமலே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தேவனிடம் கோபப்படுவது அவரை விட்டுப் போவது ஆகாது; பேசாமலே ஆகிவிடுகிறவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல், "இனி மிஷினுக்கு வரலை" என்று சொல்ல ஆரம்பித்தால் அதை விசுவாசக் குறைவு என்று முத்திரை குத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான்.

இன்னொன்று. சங்கீதங்கள் 150, டயாலிசிஸ் 156. ஒரு தடவைக்கு ஒன்று என்று வைத்தால் வருடத்துக்குள் முடிந்து ஆறு நாள் மிச்சம் இருக்கும். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம், அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். வாசித்த தேதியைச் சங்கீதத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டாம் வருஷம் அதே பக்கத்துக்கு வரும்போது பழைய தேதி அங்கே இருக்கும். அதற்குக் கீழே புதிய தேதியை எழுதலாம்.