மூன்றாவது மைனர்

எங்கள் குடும்பத்தில் எழுதிவைத்த வம்சாவளி என்று எதுவும் கிடையாது. தாத்தாவின் தகப்பனார் இளவயதில் காலமானார், தாத்தாவுக்குத் தம்பி ஒருவர், சாத்தூர் தாலுகாவில் இருந்த புஞ்சையை ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார் என்று நான் கேட்டு வளர்ந்த வரலாறு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக் கூடியது. பணி ஓய்வுக்குப் பிறகு அதற்கு ஆதாரம் தேடத் தொடங்கினேன்.

முதலில் எழும்பூரில் 1909ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஆவணக் காப்பகத்துக்குத்தான் போனேன். அது அவசரத்தில் செய்த பிழை. ஜமீன்தார்களும் கலெக்டர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு நடுவே நாலு ஏக்கர் கரிசல்காட்டுச் சம்சாரியைத் தேடுவது வீண் வேலை. அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1910 வரை திருநெல்வேலி, பிறகு இராமநாதபுரம், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம். எந்த ஆண்டுக்கு எந்த ஜில்லாவின் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் கேட்பவருக்கு எந்தக் கட்டும் கைக்கு வராது.

உண்மையில் பேசியது சார்பதிவாளர் அலுவலகத்து முதல் புத்தகம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் ஏறும் இந்தப் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகத்திலோ, எழுதியவர் இறந்த பிறகே மற்றவருக்கு நகல் கிடைக்கும். கணினியில் ஏறாத காலத்து வில்லங்கத்துக்குக் கையால்தான் தேட வேண்டும். அதற்குச் சர்வே எண் வேண்டும் என்றார்கள். கையில் இருந்த பட்டாவில் புது எண்தான் இருந்தது. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் உட்பிரிவுகள் மாறிவிட்டதால், பழைய எண்ணைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எழுத்தர் ஒருவர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிய நாட்களும் அந்தக் கணக்கில் சேரும்.

பூட்டனாரை முதன்முதலில் பார்த்தது அவருடைய பத்திரத்தில் அல்ல, பக்கத்துக் காட்டுக்காரருடைய கிரயத்தில். "இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு" என்று ஓர் எல்லையாக நின்றுகொண்டிருந்தார். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயங்களைப் பதிய வேண்டிய கட்டாயம் அன்றைக்கு இல்லாததால், ஏழைகள் பலர் இப்படி அடுத்தவர் பத்திரத்தில் எல்லையாகவும் சாட்சியாகவும் மட்டுமே தென்படுகிறார்கள். ஆகவே சொந்தப் பெயரைத் தேடி முடித்ததும் நாலாபக்கத்து நிலங்களையும் தேடுவது நல்லது.

எங்கள் புஞ்சையின் கிரயப் பத்திரம் ஆங்கீரச வருஷம் மாசி மாதத்துக்கு உரியது. ஆங்கீரச என்றதும் 1932 என்று குறித்துக்கொண்டேன். மாசி வருவதற்குள் ஆங்கில ஆண்டு 1933 ஆகிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. எழுதிக்கொடுத்தவர் என் பூட்டி. பெயருக்கு எதிரே இடது கைப் பெருவிரல் ரேகை என்ற குறிப்பு. காலஞ்சென்ற புருஷன் வாங்கிய கடனுக்காகவும் மைனர்களின் சம்ரட்சணைக்காகவும் விற்பதாக வாசகம் ஓடுகிறது. வாங்கியவர், கதையில் வரும் அதே பெரிய வீட்டுக்காரர். அவர் ஏமாற்றினாரா என்பதைப் பத்திரம் சொல்லாது. எழுதியவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் அந்த ரேகை சொல்கிறது.

விதவைத் தாயார் கார்டியனாக நின்று எழுதும் பத்திரத்தில் மைனர்களின் பெயரும் வயதும் வந்துவிடும். பிறப்புப் பதிவே கிடைக்காத குடும்பங்களுக்கு இது பெரிய கொடை. தாத்தாவுக்கு வயது ஒன்பது என்றிருக்கிறது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் உள்ள 1-7-1927 என்ற பிறந்த தேதி, வாத்தியார் தம் வசதிக்கு வைத்தது என்பது அதோடு உறுதியாயிற்று. தம்பிக்கு ஆறு வயது. அதற்குக் கீழே, வீட்டில் யாரும் ஒருநாளும் சொல்லாத ஒரு பெயர், வயது இரண்டு.

1946ஆம் ஆண்டின் பாகப்பிரிவினையில் அண்ணன், தம்பி இருவர் மட்டுமே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் அப்போது பதினைந்து வயது. மைனரின் பங்கை விட்டுவிட்டுப் பாகம் பிரிக்க முடியாது. இதைச் சொன்னபோது எண்பது தாண்டிய என் அத்தை, "ஆடி அமாவாசைக்கு ஆச்சி மூணு இலை போடும், ஏன்னு நாங்க கேட்டதில்ல" என்றார்.

1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ்க் கிராம முன்சீபு எழுதி மேலே அனுப்பிய பதிவேடுகள்தான் இனி மிச்சம். சிறு குழந்தைகளுக்கு அவற்றில் பல இடங்களில் பெயர்கூட இருக்காது, ஆண் அல்லது பெண் என்ற குறிப்பும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். தேதி தெரியாமல் தேடுவதென்றால் ஆண்டுக்கு ஆண்டு தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். 1933 முதல் 1937 வரை ஐந்தாண்டுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.