ஆணியில் எத்தனை அடுக்கு சுற்றுவது?

ஓர் இரும்பு ஆணி, கொஞ்சம் எனாமல் பூசிய செப்புக் கம்பி, ஒரு டார்ச் செல். மின்காந்தம் செய்ய இவ்வளவு போதும். செய்து முடித்தவர் அடுத்துக் கேட்பது, இதை இன்னும் வலுவாக்க என்ன செய்யலாம் என்பது. கிடைக்கிற பதில் பெரும்பாலும் "இன்னும் நாலு சுற்று சுற்று". ஓர் எல்லைவரை அது சரி. அந்த எல்லை எங்கே வருகிறது என்று கணக்குப் போட்டால், மின்னியலின் அடிப்படையில் பாதி அந்த ஒற்றை ஆணிக்குள்ளேயே கிடைத்துவிடும்.

10 செ.மீ. நீளம், 5 மி.மீ. தடிமன் உள்ள ஆணியை எடுத்துக்கொள்வோம். கம்பி 0.5 மி.மீ.; எனாமலோடு சேர்த்து 0.55 மி.மீ. நெருக்கமாகச் சுற்றினால் ஓர் அடுக்கில் 140 சுற்று 77 மி.மீ. இடத்தில் அடங்கும். இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.086 ஓம். முதல் அடுக்குக்கு 2.4 மீட்டர் கம்பி போகும், ஆக 0.21 ஓம். அடுத்தடுத்த அடுக்குகளில் சுற்றின் வட்டம் பெரிதாவதால் கம்பியும் கூடுதலாகப் பிடிக்கும். இரண்டு அடுக்குக்கு மொத்தம் 0.46, மூன்றுக்கு 0.75, நான்குக்கு 1.08 ஓம்.

செல்லுக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. புது ஏஏ ஆல்கலைன் செல்லில் அது 0.2 ஓம் அளவில் இருக்கும். பலர் கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். 1.5 வோல்ட்டை 0.21 ஓமால் வகுத்து 7 ஆம்பியர் ஓடும் என்று எழுதிவிடுவார்கள். செல்லின் அகமின்தடையைச் சேர்த்தால் ஓடுவது 3.7 ஆம்பியர்தான். அப்போது செல்லின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 1.5 காட்டாது, 0.77 வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். மீதி அழுத்தம் செல்லுக்குள்ளேயே சூடாகிப் போகிறது. செல் கையில் சுடுவது அதனால்தான்.

காந்தத்தின் வலுவைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, சுற்றுகளின் எண்ணிக்கையையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வரும் ஆம்பியர்-சுற்று. ஓர் அடுக்கில் 140 சுற்று, 3.66 ஆம்பியர்: 512 ஆம்பியர்-சுற்று. இரண்டு அடுக்கானால் மின்னோட்டம் 2.27 ஆம்பியராகக் குறையும், ஆனால் சுற்று 280 ஆகிவிட்டதால் பெருக்கல் 636. மூன்று அடுக்கில் 1.58 ஆம்பியர், 420 சுற்று, 664. நான்காவது அடுக்கையும் சுற்றினால் 1.17 ஆம்பியர், 560 சுற்று, 654. ஏறவேண்டியது இறங்கிவிட்டது! கடைசி அடுக்குக்குச் செலவான கிட்டத்தட்ட 4 மீட்டர் கம்பி வலுவைக் கூட்டவில்லை.

ஏன்? முதலில் சுருளின் தடை சிறியதாக இருந்தபோது மின்னோட்டத்தை அடக்கி வைத்தது செல்லின் அகமின்தடை. அந்த நிலையில் சுற்றைக் கூட்டினால் மின்னோட்டம் அவ்வளவாகக் குறைவதில்லை, அதனால் ஆதாயம். சுருளின் தடை அகமின்தடையை மிஞ்சி வளர்ந்த பிறகு சுற்று எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் மின்னோட்டம் குறையும். வெளி அடுக்குகளில் ஒரு சுற்றுக்கான கம்பியின் நீளமும் கூடுவதால் கடைசியில் நஷ்டம்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் அடுக்கில் செல்லிலிருந்து உறிஞ்சப்படும் திறன் 5.5 வாட். மூன்று அடுக்கில் 2.4 வாட். அதாவது பாதிக்கும் குறைவான செலவில் அதிக வலு. எனவே என் பரிந்துரை மூன்று அடுக்கு. செல் நெடுநேரம் தாங்க வேண்டும் என்றால் நான்கு சுற்றினாலும் தவறில்லை.

இரண்டு செல் இருந்தால் தொடரில் (ஒன்றன்பின் ஒன்றாக) போடுவதா, பக்கத்தில் (நேர்முனைகளைச் சேர்த்து, எதிர்முனைகளைச் சேர்த்து) போடுவதா? ஓர் அடுக்குச் சுருளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: பக்க இணைப்பில் 677, தொடரிணைப்பில் 689 ஆம்பியர்-சுற்று. மூன்று அடுக்குக்கோ பக்க இணைப்பில் 741, தொடரிணைப்பில் 1,096. சுருளும் மின்கலமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்கிற இந்த விஷயத்தை அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சோதித்துக் கண்டிருந்தார். பல கலங்களைத் தொடராக அடுக்கினால் நீளமான ஒரே சுருள், பெரிய ஒற்றைக் கலமானால் பக்க இணைப்பில் பல குட்டைச் சுருள்கள் என்று பிரித்தே பயன்படுத்தினார்.

கம்பியின் மேல் காப்பு இருக்க வேண்டும் என்பதற்கும் அவரையே சொல்ல வேண்டும். அவருக்கு முன் 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தத்தில் வெறும் செப்புக் கம்பிதான். வார்னிஷ் பூசியது இரும்பின் மேல். கம்பி கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்துவிடும் என்பதால் இடைவெளி விட்டு 18 சுற்றுதான் சுற்ற முடிந்தது. சுமார் 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு அப்படியும் 4 கிலோ அளவுக்குத் தூக்கியது. ஹென்றி கம்பிக்கே பட்டுத்துணி சுற்றினார். அதன் பிறகுதான் சுற்றின்மேல் சுற்று, அடுக்கின்மேல் அடுக்கு என்பது சாத்தியமாயிற்று. இன்று அந்தப் பட்டின் வேலையை எனாமல் செய்கிறது.

அந்த எனாமல்தான் முதல் தடவை செய்பவரின் காலை வாரிவிடுவதும். பார்க்கச் செம்பு நிறமாகவே இருப்பதால் அதைச் சுரண்ட வேண்டும் என்று தோன்றாது. இரு முனைகளிலும் 2 செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் நாலாபுறமும் தேய்த்து, வெளிர்ந்த செம்பு பளபளக்கும்வரை விடாதீர்கள். செல்லை இணைக்கும் முன் சுருளை மல்டிமீட்டரில் அளந்து பார்ப்பது நல்லது. முடிவிலி காட்டினால் எனாமல் இன்னும் போகவில்லை. சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் அளவில் தடை இருக்கும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து வரும் எண்ணைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இரண்டாவது தவறு திசை. முதல் அடுக்கை ஆணியின் தலையிலிருந்து கூருக்குச் சுற்றிக்கொண்டு போகிறோம், இரண்டாவது அடுக்கு கூரிலிருந்து தலைக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வருவதில் பிழையில்லை. ஆனால் கம்பி ஆணியைச் சுற்றும் போக்கு மாறவே கூடாது. தலைப்பக்கமிருந்து பார்த்தால் முதல் அடுக்கு கடிகாரச் சுற்றில் போனால் எல்லா அடுக்கும் கடிகாரச் சுற்றிலேயே போக வேண்டும். நடுவில் கை மாறிவிட்டால் இரண்டாம் அடுக்கின் புலம் முதல் அடுக்கின் புலத்தை அழித்துவிடும். கம்பி சூடாகும், செல் தீரும், ஒரு குண்டூசிகூட ஒட்டாது. வடமுனை எது என்று அறிய வலதுகை விதி: நான்கு விரல்களும் மின்னோட்டம் சுற்றும் போக்கில் மடங்கட்டும், நீட்டிய கட்டைவிரல் காட்டும் பக்கம் வடமுனை.

இப்போது இரும்பின் பங்கு. ஆணி இல்லாமல் அதே சுருள் மட்டும் இருந்தால், 664 ஆம்பியர்-சுற்றுக்கு நடுவில் கிடைக்கும் புலம் சுமார் 11 மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). பூமியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான் என்பதால் இதுவே அதைப்போல் சில நூறு மடங்கு. ஆணியைச் செருகினால் இந்தப் புலம் இன்னும் நூறு மடங்கு அளவுக்கு உயர்ந்து ஒரு டெஸ்லாவைத் தாண்டும். இரும்பின் உட்புகுதிறன் (காந்தப்புலத்தைத் தன்னுள் பெருக்கும் திறன்) ஆயிரக்கணக்கில் என்று பாடநூலில் படித்துவிட்டு, ஆயிரம் மடங்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இரு முனையும் திறந்திருக்கும் இரும்புத் தண்டில் அது வராது. முனைகளிலேயே உருவாகும் காந்த முனைகள் உள்ளே எதிர்ப்புலத்தை உண்டாக்குகின்றன. பெருக்கம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஆணியின் நீள-தடிமன் விகிதமே முடிவு செய்கிறது. குட்டையான தடித்த போல்ட்டைவிட நீண்ட மெல்லிய ஆணி இங்கே மேல்.

இரும்புக்கும் ஓர் உச்சம் இருக்கிறது. சுமார் 2 டெஸ்லாவுக்குப் பிறகு அதற்குள் வரிசைப்படுத்த மிச்சம் எதுவும் இருக்காது. நம் ஆணியின் நடுப்பகுதி மூன்று அடுக்கு, ஒரு செல்லிலேயே அந்த உச்சத்தை நெருங்கிவிடும். ஆகவே இரண்டு செல்லைத் தொடரில் போட்டு 1,096 ஆம்பியர்-சுற்று கொடுத்தாலும் தூக்கும் பளு அதே விகிதத்தில் ஏறாது. பளுவைக் கூட்ட வேண்டுமானால் இன்னொரு வழி: இடைவெளியை ஒழிப்பது. ஒட்டும் பரப்பில் புலம் 1 டெஸ்லா இருந்தால் சதுர செ.மீ.க்கு 4 கிலோ அளவில் இழுவிசை வரும். விசை புலத்தின் இருமடியைப் பொறுத்தது. புலம் பாதியானால் விசை கால்வாசி. நடுவே ஒரு தாள் தடிமன் காற்றோ துருவோ இருந்தாலே வித்தியாசம் கையில் தெரியும். முனையை அரத்தால் தட்டையாக ராவிவிடுங்கள். இரும்பை லாட வடிவில் வளைத்து இரு முனையும் ஒரே தகட்டைத் தொடும்படி செய்தால் காந்தப்பாயம் (காந்தப்புலக் கோடுகளின் தொகுதி) இரும்பு வழியாகவே முழு வட்டம் போய் வரும். வலு பல மடங்காகும்.

செல்லை எடுத்த பிறகும் ஒன்றிரண்டு குண்டூசி ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆணியில் காந்தத்தன்மை தங்கியிருக்கிறது என்று பொருள். எஃகு கெட்டியானதாக இருக்க இருக்க இது கூடும். ஆணியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் இரும்பு மென்மையாகி இந்தத் தங்கல் குறையும்.

கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்பதையும் இதே சுருளில் கணக்கிடலாம். 1.58 ஆம்பியர், 0.196 சதுர மி.மீ. குறுக்குப்பரப்பு, ஒரு கன மீட்டர் செம்பில் 8.5 × 10²⁸ எலெக்ட்ரான். விடை, நொடிக்கு 0.6 மி.மீ. மூன்று அடுக்கிலும் சேர்த்து 8.8 மீட்டர் கம்பி; ஒரு முனையில் புறப்பட்ட எலெக்ட்ரான் மறுமுனைக்கு வந்து சேர நான்கு மணி நேரம் பிடிக்கும். இந்தச் சுமையில் ஏஏ செல் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. புறப்பட்ட எலெக்ட்ரான் பாதி வழிகூடப் போய்ச் சேராமல் செல் தீர்ந்துவிடும்! ஆனால் காந்தமோ இணைத்த சில மில்லிநொடியில் குண்டூசியைப் பிடித்துவிடுகிறது. கம்பி முழுவதும் எலெக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேர நகர்த்தும் மின்புலம்தான் விரைந்து பரவுகிறது.

அந்தச் "சில மில்லிநொடி" எங்கிருந்து வந்தது? மின்னோட்டம் ஏறும்போது சுருளின் காந்தப்பாயம் மாறுகிறது. அந்த மாற்றமே சுருளில் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டி, ஏற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. துண்டிக்கும்போது இதுவே தலைகீழ். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைச் சுருள் விடமாட்டேன் என்கிறது. முனையில் சட்டென்று ஒரு பொறி பறக்கும். 1.5 வோல்ட் செல்தானே என்று இரு கையாலும் வெறும் முனைகளைப் பிடித்தபடி பிரித்தால் விரலில் சுருக்கென்று குத்தும். அந்த நொடியில் வருவது செல்லின் அழுத்தம் அல்ல, சுருள் தானாக உண்டாக்கும், அதைவிடப் பல மடங்கு பெரிய அழுத்தம். டிரான்சிஸ்டரால் இந்தச் சுருளை இயக்கப் போகிறீர்கள் என்றால் சுருளுக்குக் குறுக்கே மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 போன்ற ஒரு டையோடு கட்டாயம் வேண்டும். கோடு போட்ட முனை நேர்மின் பக்கம். மாற்றிப் போட்டால் செல்லே அதன் வழியாகக் குறுக்குச்சுற்றாகிவிடும்.

ரீசார்ஜ் செய்யும் லித்தியம்-அயான் செல்லை இதில் பயன்படுத்தவே வேண்டாம். அதன் அகமின்தடை மிகக் குறைவு. ஓர் அடுக்குச் சுருளில் 15 ஆம்பியருக்கு மேல் பாயலாம். எனாமல் கருகும், செல் தீப்பிடிக்கவும் கூடும். வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது ஆளைக் கொல்லும்.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். அதே ஆணியின் மேல், முதல் சுருளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இன்னொரு 100 சுற்றைச் சுற்றி அதன் முனைகளை முள் மீட்டரில் இணையுங்கள். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம். அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளக்கும், நாம் தேடுவது அதற்குள் வந்து போய்விடும். முதல் சுருளைச் செல்லோடு தொடவைத்ததும் முள் ஒரு பக்கம் துள்ளி விழும். தொட்டபடியே வைத்திருங்கள், ஆணி முழுவலுவில் குண்டூசிகளைப் பிடித்திருக்கும், முள்ளோ சுழியத்தில் அசையாமல் நிற்கும். எடுத்தால் மறுபக்கம் துள்ளும். மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29-இல் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிப் பார்த்தது இதைத்தான். எவ்வளவு வலுவான காந்தமானாலும் அது மாறாமல் இருக்கும்வரை இரண்டாவது சுருளுக்கு ஒன்றும் கிடையாது. துள்ளல் மெலிதாக இருந்தால் முனையைச் செல்லின் மேல் தேய்த்து இழுக்காமல் ஒரே வெட்டாக எடுத்துப் பாருங்கள்.