ஊசி தொடாத முடிச்சு

முன்கழுத்துக் கழலையில், அதாவது வீங்கிய தைராய்டு சுரப்பியில், ஒற்றை முடிச்சு இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும், பல முடிச்சுகள் இருந்தால் பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லை என்றுதான் நோய்க்குறியியல் துறைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நெடுநாள் நம்பியிருந்தேன்.

50 வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரின் தைராய்டு சுரப்பி ஃபார்மலின் டப்பாவில் எங்கள் மேசைக்கு வந்த அன்றுதான் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. பல ஆண்டுகள் கழுத்துக் கட்டியோடு நடமாடியவர், படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்ற பின்னரே அறுவைச் சிகிச்சைக்கு இசைந்திருந்தார். இடப்பக்கம் 5 சென்டிமீட்டர் முடிச்சு. அதில் ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்த்து, பெதஸ்டா வகைப்பாட்டில் இரண்டாம் வகை, அதாவது புற்றல்லாத கட்டி, என்று அறிக்கை எழுதியவன் நானே. அரிந்து பார்த்தபோது அதற்குள் பளபளக்கும் கொலாய்டும் (தைராய்டுக்குள் தேங்கும் கூழ் போன்ற பொருள்) பழைய இரத்தக்கசிவும் தவிர வேறொன்றும் இல்லை. வலப்பக்க மடலை வில்லை வில்லையாக அரிந்துகொண்டு வருகையில், 12 மில்லிமீட்டர் அளவுள்ள வெளிறிய இடமொன்றில் கத்தி மணலில் பட்டதுபோல் நறநறத்தது. ஸ்லைடில், காப்பிக்கொட்டைப் பிளவு போன்ற கோடு விழுந்த உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன: பாப்பில்லரி கார்சினோமா என்னும் தைராய்டு புற்று.

குத்திய முடிச்சைப் பொறுத்தவரை என் அறிக்கையில் பிழையில்லை. ஆனால் அந்த அம்மையாருக்கு அது பயன்படவில்லை. பொதுவாகத் தைராய்டு முடிச்சுகளில் 100க்கு 5 முதல் 15 வரை புற்றாக அமையலாம் என்பார்கள். முடிச்சுகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்ப்பு குறைகிறதே தவிர, நோயாளிக்கு உள்ள ஆபத்து பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. கைக்குத் தட்டுப்படும் பெரிய கட்டியையே குத்தும் எங்கள் பழக்கம் இந்தக் கணக்கைக் கவனிக்கவில்லை. எதைக் குத்துவது என்பதை அல்ட்ராசவுண்டு சொல்ல வேண்டும்: கருமையாகத் தெரிவது, ஓரம் ஒழுங்கற்றது, அகலத்தைவிட உயரம் மிகுந்தது, நுண்ணிய சுண்ணப் புள்ளிகள் கொண்டது எனச் சந்தேகத்துக்குரிய முடிச்சு சிறியதாகவும் இருக்கலாம்.

சரியான முடிச்சைக் குத்தினாலும் ஊசிக்கு எல்லையுண்டு. ஃபாலிக்குலர் வகைப் புற்று, கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருப்பதைக் கண்டால்தான் உறுதியாகும். ஊசியில் வரும் உதிரிச் செல்கள் அதைக் காட்டா. அறுவை மருத்துவர்கள் இதற்காக எங்களைக் கடிந்துகொள்வது கொஞ்சம் அநியாயம்தான்.

அந்த நாளுக்குப் பிறகு, "கழலை, எஃப்.என்.ஏ.சி. (நுண்ணூசிச் செல் பரிசோதனை) செய்க" என்று மட்டும் எழுதிய சீட்டு வந்தால், எந்த மடல், எந்த முடிச்சு, ஸ்கேன் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.