மணல் கிடந்தாலும் அது கரை இல்லை

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்கள், குளிர்காலத்தில் ஒன்ராறியோ ஏரி முழுக்க உறைந்துவிடும் என்று நினைப்பதுண்டு. அப்படி உறைவது மிக அபூர்வம். ஏரியின் ஆழம், ஆழமான இடத்தில் 240 மீற்றருக்கு மேல். கோடையில் வாங்கிய சூட்டை லேசில் விடாது. இங்கே ஐஸின் அழகெல்லாம் கரையோரத்தில்தான்.

ஏரிக்கரையில் உயர்ந்த மண்மேட்டின் கீழே இருக்கும் புளூபர்ஸ் பார்க் பக்கம் எப்போது போகலாம் என்பதைக் காற்றைப் பார்த்து முடிவெடுங்கள். கடுங்குளிர் பெரும்பாலும் வடமேற்குக் காற்றோடு வரும். அது அலையைக் கரையை விட்டுத் தள்ளிவிடும். மைனஸ் குளிரில் கிழக்குக் காற்று ஒருநாள் பலமாக அடித்தால்தான் சாரல் ஏறி உறையும். மறுநாள் போனால், கரையோர மரக்கிளைகளில் ஏரிப் பக்கம் கண்ணாடி பூசியதுபோல் ஐஸ், மறுபக்கம் வெறும் பட்டை. தொங்கும் ஐஸ் குச்சிகள்கூட நேரே தொங்காமல் கரைப்பக்கம் சாய்ந்திருக்கும்.

அலை தள்ளிவரும் ஐஸ் துண்டுகள் கரையில் ஒட்டி அடுக்காகி, ஏரிக்குள் நீளும் மேடையாகின்றன. மேடையில் வெடிப்பு இருந்தால், அடியில் புகுந்த அலை அதன் வழியே பீறிடும். தெறித்தது உறைந்து உறைந்து புற்று மாதிரி ஒரு கூம்பு எழும்பும். பிள்ளைகள் ஏறப் பார்ப்பது இதில்தான். விடாதீர்கள், உள்ளே கோறை. மேடையின் அடியிலும் பல இடங்களில் வெற்றிடம். மேலே அலை வீசிய மணலும் கூழாங்கல்லும் கிடப்பதால் தரை மாதிரியே தெரியும். காலடியில் தண்ணீர் 'களக் களக்' என்றால் கரை பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். வந்த அடியிலேயே திரும்புங்கள். கோடையில் அதே இடத்தில் எடுத்த படம் போனில் இருந்தால், தண்ணீர் எங்கே தொடங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் தண்ணீரில் விழுந்தால் பின்னால் இறங்கக் கூடாது. 911க்கு அழையுங்கள், கயிறோ நீளமான கிளையோ எறியுங்கள். விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சுத் திணறும், பத்து நிமிடமளவில் கைகால் சொல்வழி கேட்காது.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. இரண்டு சோடி காலுறையைத் திணித்தால் சப்பாத்து இறுகி, ரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். கம்பளியில் ஒரு சோடி போதும். சப்பாத்துக்கு மேல் மாட்டும் முள்வைத்த ரப்பர் பட்டியை வாகனத் தரிப்பிடத்திலேயே மாட்டுங்கள், பாதி வழியில் குனிந்து மாட்டச் சரிவராது. போன் உள்பையில் இருக்கட்டும், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோனால், மண்மேட்டின் அடிவாரத்தில் இருந்து குடிக்காதீர்கள். வெயில் பட்டு உறைமண் இளகும் நாட்களில் களிமண் கட்டியாக மேலிருந்து பெயர்ந்து விழும்.