வர்ஷோவிட்சேயில் ஒரு கங்காரு

டிராமை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கங்காருதான். ப்ராக் நகரின் வர்ஷோவிட்சே பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே செருகி வைத்தாற்போல ஒரு சின்ன மைதானம். எங்கு பார்த்தாலும் பச்சை, வெள்ளை, கங்காரு. செக் நாட்டில் இதற்கு என்ன வேலை?

இங்கே ஆடும் கால்பந்துக் கிளப் 1905-இல் ஏ.எஃப்.கே. வர்ஷோவிட்சே என்ற பெயரில் பிறந்தது. 1927-இல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் ஆட அழைப்பு வந்தது. ஊர்ப்பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது என்று 'பொஹீமியன்ஸ்' என்று மாற்றிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். (நான் மட்டும் என்ன, டிக்கெட் வாங்கும்போது மூன்று தடவை சொல்லி, கடைசியில் மேப்பைத்தான் காட்டினேன்.) திரும்பும்போது அன்பளிப்பாகக் கிடைத்தவை உயிருள்ள இரண்டு கங்காருகள். அவற்றை ப்ராக் உயிரியல் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்னம் மட்டும் ஜெர்சியின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ரசிகர்களுக்கு இந்த அணி இன்றும் 'க்ளொகானி', அதாவது கங்காருகள்.

மைதானத்தைச் செல்லமாக 'டியோலீச்செக்' என்கிறார்கள். சின்னப் பள்ளம் என்று பொருள். திறந்தது 1932-இல். இதே வர்ஷோவிட்சேயில்தான் பணக்காரப் பங்காளியான ஸ்லாவியா கிளப்பின் ஈடன் அரங்கமும் இருக்கிறது. அவர்கள் ஜெர்சி பாதி சிவப்பு, பாதி வெள்ளை, தலைகீழாக ஒரு சிவப்பு நட்சத்திரம். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு கங்காருவுக்கே.

கோப்பைக் கணக்குப் பார்த்தால் பொஹீமியன்ஸ் ஏழை. லீக் பட்டம் ஒன்றே ஒன்று, 1983-இல். ஆனால் அன்டோனின் பனென்கா இந்த வீட்டுப் பிள்ளை. பயிற்சி முடிந்த பிறகு கோல்கீப்பர் ஹ்ருஷ்காவோடு சாக்லேட்டுக்கும் பீருக்கும் பந்தயம் கட்டி பெனால்டி அடித்துப் பழகியவர். ஓடி வருவதைப் பார்த்து கோல்கீப்பர் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார், நடுவில் மெல்லத் தூக்கிவிட்டால் போதும் என்று கண்டுபிடித்தது அப்படித்தான். 1976 ஜூன் 20, பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. பனென்காவின் பெனால்டிக்கு மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் செப் மையர் ஒரு பக்கம் விழ, பந்து காற்றில் மிதந்து நடுவே போய் உட்கார்ந்தது. செக்கோஸ்லோவாக்கியா சாம்பியன். இன்று உலகம் முழுக்க அந்த அடிக்குப் பெயரே 'பனென்கா'.

நூற்றாண்டைக் கொண்டாட வேண்டிய 2005-இல் கிளப் கடனில் மூழ்கியது. ரசிகர்கள் காசு திரட்டித்தான் கரையேற்றினார்கள். ஜெர்சி விலையைப் பார்த்துத் தயங்கியபோது அது நினைவுக்கு வந்தது. சரி, போகட்டும் என்று வாங்கிவிட்டேன். எக்ஸெல் சைஸ்தான், ஆனாலும் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏண்டா, நீ ப்ராக்தானே போறேன்னு சொன்ன?"