கேமரா கெட்டுப்போன கதை

மூன்று மாதமாக என் கைபேசிக் கேமரா பழுதாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். விளக்கைப் படம் எடுத்தால் அதற்கு வால் முளைக்கும். முகங்கள் பனிமூட்டத்துக்குள் நிற்கும். புதிய கைபேசி வாங்க மனத்தைத் தயார்செய்துகொண்டிருந்த நேரத்தில், மகள் பழையதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, லென்ஸ் மேல் உங்கள் கைரேகை அப்படியே இருக்கிறது" என்றாள். மெல்லிய பருத்தித் துணியால் ஒரே ஒரு துடைப்பு. பழுது நீங்கிவிட்டது.

அந்த வெட்கத்தில்தான் மற்றவற்றைக் கற்றுக்கொண்டேன். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கும்போது, பல நேரம் கேமரா செய்வது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுவதுதான். நாலு எட்டு முன்னே நடப்பது மேல். முகத்துக்கு மட்டும் இது ஆகாது. மிக நெருங்கினால் மூக்கு பருத்து முன்னே வரும், காதுகள் பின்வாங்கும். (என் மூக்கின் மேல் எனக்கிருந்த நெடுநாள் மனத்தாங்கல் அன்றைக்குப் பாதி குறைந்தது.) சற்றுத் தள்ளி நின்று, 2 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தனி லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் கறுத்துத்தான் விழும். வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள். முடியாதென்றால் திரையில் அவர் முகத்தைத் தொடுங்கள். பல கைபேசிகளில் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் தோன்றும். அதை மேலே தள்ளினால் முகம் தெளியும், வானம் வெளுத்துப்போகும். எனக்கு வானத்தைவிட முகம் முக்கியம்.

இப்போதெல்லாம் நான் கைபேசியை எடுத்தாலே மகள் கேட்கிறாள்: "துடைத்தீர்களா?"