பில்லில் ஒரு நம்பர், துப்பாக்கியில் ஒரு நம்பர்

நேற்றுக் காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் நான் போய்ப் பார்த்தது ஏர் ரைபிளின் பிரஷர் முள்ளைத்தான். 195-இல் நின்றது. முந்தின இரவு குறித்து வைத்த அதே 195. மகளை எழுப்பிக் காட்டினேன். இந்த ஒரு முள் அசையாமல் நிற்பதற்காக 33 நாள் அலைந்திருக்கிறேன். வாங்கிய நாளைச் சேர்க்காமல் கோயம்புத்தூருக்கு ஐந்து நடை. இதே மாதிரி ரைபிள் வாங்கப் போகிற பெற்றோர் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டில் பேச்சு தமிழ், பெரிய சாமான் எது வாங்குவதென்றாலும் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். இளவேனில் வாலறிவன் படம் அவள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. கிளப்பில் ஒரு ரைபிளை நான்கு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் உயரத்துக்கும் கட்டையைத் திருகி மாற்றி, சைட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். பத்து மீட்டர் தூரத்தில் அவள் அடிக்க வேண்டிய பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைக்கிற புள்ளி அவ்வளவு. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் கை பழகும் என்று கோச் சொன்னார். தேங்காய்ப் பணத்தோடு ஒரு சீட்டையும் தள்ளி எடுத்து 52,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஸ்பிரிங் துப்பாக்கி இல்லை, காற்றை நிரப்பி வைத்துச் சுடுகிற பி.சி.பி. வகை.

வாங்குவது சுலபம். குழல் துளை .177 அங்குலம், சக்தி 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். ஆதார் நகல் கொடுத்தேன், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. அன்றைக்குக் கவுண்டரில் உடுமலைக்காரர் ஒருவரும் இதே மாடலை வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன, இரண்டு பில்லையும் ஒரே பையன்தான் எழுதினான். பில்லில் எழுதிய நம்பரும் ரைபிளில் பொறித்த நம்பரும் ஒன்றுதானா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கோளாறு தெரிந்தது. ராத்திரி 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பி வைத்தது, விடிந்தால் 150. சாயங்காலம் 100-க்கும் கீழே. காற்று குறையக் குறைய குண்டின் வேகமும் குறையும், அடி கீழே இறங்கும். 60 ஷாட் போட்டிக்கு இதை நம்பிப் போக முடியாது. ரைபிளில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, சோப்புத் தண்ணீரைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். நிரப்புகிற வால்வில் ஒன்றும் இல்லை. சிலிண்டர் உடம்போடு சேருகிற இடத்தில் மட்டும் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, பால் நுரை மாதிரி விளிம்பு முழுக்கப் படர்ந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவினால் மறுபடி அதே இடத்தில் நுரை. அதை வீடியோ எடுத்தேன். வீடியோவில் சுவர்க் கடிகாரமும் அன்றைய பேப்பரும் தெரிகிற மாதிரி வைத்தது மகளின் யோசனை. பிற்பாடு எனக்குப் பெரிய துணையாக நின்றது அந்த வீடியோதான்.

முதல் நடை முழுக்க வீண். கடையில் 200 வரை நிரப்பி மேஜையில் வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் முள்ளைக் காட்டி, "பாருங்க சார், அசையவே இல்லை. நிரப்பின சூடு ஆறினா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்றார். சூடு ஆறினால் ஐந்து பத்து பார் இறங்குவது உண்மைதான். ஆனால் பத்து மணி நேரத்தில் 50 பார் போகிற கசிவு அரை மணி நேரத்தில் அந்தச் சின்ன வட்ட மீட்டரில் எப்படித் தெரியும்? வீட்டில் அனலாய்க் கொதிக்கிற குழந்தை டாக்டர் முன்னால் சிரித்து விளையாடுகிற மாதிரி ஆகிவிட்டது. வீடியோவைக் காட்ட வந்தால் பார்க்கக்கூட மாட்டேன் என்றார்கள். நீங்கள் போகிறதாக இருந்தால் நிரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அப்போது காட்டுகிற அளவை எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மூன்று நாள் கணக்கு கையில் இருந்தால் "சூடு ஆறினது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இரண்டாவது நடையில் மூன்று நாள் கணக்கோடு போய் ரைபிளை விட்டுவிட்டு வந்தேன். வாங்கி வைத்ததற்குச் சீட்டு கேட்டேன். "நம்ம கடைதானுங்க, சீட்டு எதுக்குங்க?" என்றார் முதலாளி. சீட்டு இல்லாமல் நகர மாட்டேன் என்று நின்ற பிறகு, ஒரு துண்டுத் தாளில் தேதியும் "காற்றுக் கசிவு" என்ற குறையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போய் எடுத்து வந்தேன், அது மூன்றாவது நடை. காற்றை அடைத்து நிறுத்துகிற ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, மாற்றியாச்சு என்றார்கள். வீட்டில் நிரப்பி வைத்தால் அதே இடத்தில் அதே நுரை.

இதற்கு நடுவில் மாவட்டப் போட்டி வந்து போய்விட்டது. இன்னொரு பிள்ளையின் கைக்கு அளவெடுத்த கிளப் ரைபிளோடுதான் மகள் போனாள். ஸ்கோரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் கம்பெனிக்கே போன் செய்தேன். சீரியல் நம்பர் கேட்டார்கள். வாரன்டி அட்டையில் இருந்த நம்பரைச் சொன்னேன், முடிவு 418. ரைபிளின் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உடம்பின் இடது பக்கம் சின்ன எழுத்தில் பொறித்திருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 417. மூன்று வாரமாக வீட்டில் இருக்கிற பொருள், ஒருநாளும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. நம்பர் சேராததால் வாரன்டி செல்லாது, டீலரிடம் திருத்தி வாங்கி வாருங்கள் என்று மெயில் வந்தது. இரண்டு பெட்டியும் அருகருகே திறந்து கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த மெயிலை பிரின்ட் எடுத்துக்கொண்டு நான்காவது நடை கிளம்பினேன். எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். நீளப் பெட்டியைப் பார்த்ததும் திறக்கச் சொன்னார் ஒரு அதிகாரி. "இதின்டெ லைசென்ஸ் எவிடெ?" லைசென்ஸ் தேவையில்லாத வகை என்று பில்லைக் காட்டினேன். அவர் பில்லைப் படித்தார், ரைபிளைத் திருப்பி நம்பரைப் படித்தார். "நம்பர் வேறெயாணல்லோ." எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பஸ் போய்விட்டது. நாற்பது நிமிடம் ஓரமாக நின்றேன். கம்பெனி மெயில், கடையின் முத்திரை போட்ட துண்டுச் சீட்டு, மகளின் கிளப் அட்டை மூன்றையும் பார்த்த பிறகு விட்டார். வேறொருவர் பெயரில் விற்ற ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது என்றுதான் காகிதம் சொல்கிறது, முதலில் பில்லைத் திருத்துங்கள் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பார்த்ததைப் பில் போட்ட அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும்.

கோபம் வந்தது கடையில்தான். "கம்பெனிக்காரங்ககிட்டப் பேசிக்குங்க சார்" என்றார் முதலாளி. கம்பெனி டீலரைக் கேள் என்கிறதே என்று மெயிலைக் காட்டினேன். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது, வழக்குகள் கோயம்புத்தூர் எல்லைக்கு உட்பட்டவை. அதோடு, கை பம்பில் அடித்ததால் ஈரம் உள்ளே போய் ஓ-ரிங் கெட்டிருக்கும், அது உங்கள் தவறு என்றார். அந்தப் பம்பை ரைபிளோடு சேர்த்து விற்றதே அவர்தான். அதே பில்லில் இரண்டாவது வரியில் இருக்கிறது.

பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறதே என்று பலர் இங்கே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். என் பில்லில் கெடு எதுவும் இல்லை. அன்றைக்கு 22-ஆம் நாள்.

ஊரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். கடை தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கே போய்த்தான் கேஸ் போட வேண்டும், விட்டுவிடுங்கள் என்றார். அது பழைய சட்டத்து நினைப்பு. இப்போது பிரிவு 34-இன்படி, வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

23-ஆம் நாள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் நானே ஒன்றரைப் பக்கம் தமிழில் கடைக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். வாங்கிய தேதி, கசிவுக் கணக்கு, விட்ட தேதி, எடுத்த தேதி, இரண்டு நம்பர், இரண்டு சட்டப் பிரிவு, ஏழு நாள் கெடு. ஒரு இடத்தில்கூடத் திட்டவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கடையில் சேர்ந்த விவரத்தைத் தபால் தளத்திலிருந்து பிரின்ட் எடுத்து வைத்தேன்.

31-ஆம் நாள் முதலாளியின் மகன் பேசினார். முதலில் மறுபடி ரிப்பேர் செய்து தருகிறோம் என்றார். மாட்டேன் என்றேன். 52,000-க்குக் கிரெடிட் நோட் தருகிறோம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கிரெடிட் நோட் வாங்காதீர்கள், பணம் அவர்கள் பெட்டியிலேயே கிடக்கும். பணம், இல்லையென்றால் அதே மாடலில் புது ரைபிள், சரியான நம்பரோடு புது பில் என்று ஒரே வார்த்தையில் நின்றேன். மறுநாள் வரச் சொன்னார்.

ஐந்தாவது நடைக்கு மகளையும் கூட்டிப்போனேன். காற்று நிரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதன்பின் மூன்று மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். சோப்புத் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தாள். எங்கும் ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு அவள் பெட்டி, ரைபிள், பில், வாரன்டி அட்டை என்று நான்கிலும் நம்பரைச் சத்தமாகப் படித்தாள். நான்கும் ஒன்று. பில் எழுதிய பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது உடுமலைக்காரர் ஞாபகம் வந்தது. என் பில்லில் 418 என்றால் அவர் பில்லில் 417 இருக்க வேண்டும். 417 இப்போது கம்பெனிக்குத் திரும்பிப் போகிறது. அவர் கையில் இருப்பதோ காகிதமே இல்லாத துப்பாக்கி. "அவர் வந்தா மாத்திக் கொடுத்துக்கறோம் சார்" என்றார்கள். என்னை நாற்பது நிமிடம் ஓரமாக நிற்க வைத்த மாதிரி அவரையும் ஒருநாள் எங்காவது நிற்க வைப்பார்கள். இப்போதே போன் போடுங்கள் என்று மறுபடி உட்கார்ந்தேன். போட்டார்கள், போனை என்னிடமே கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து போய் ரைபிளை எடுக்கிற சத்தம் கேட்டது. "ஆமாங்க, துப்பாக்கியில 418-ன்னு இருக்குதுங்க. பில்லுல 417-ங்க." வாராவாரம் பையனோடு இதைத் தூக்கிக்கொண்டு கோபாலபுரம் எல்லை வழியாகப் பாலக்காட்டுக்குப் போய் வருகிறாராம்.

நேற்றுச் சாயங்காலம் புதுப் பில்லின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். 418.